அமைதியான குழந்தை

"பூஜ்யத்துலருந்து பத்து வரைக்கும் இருக்கு. உன் பயம் எத்தினி?"

செல்லியிடம் இப்படிக் கேட்டவர் சரவணகுமார் சார். பிள்ளைகளின் மனநிலையைக் கணக்கெடுக்க வேலூரிலிருந்து வந்தவர். ஜீப் நின்ற இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். நெல்லிவாசல்நாட்டின் அந்தச் சிற்றூரில் மலை சரிந்து அப்போது நாற்பது நாள் ஆகியிருந்தது. செல்லிக்குப் பதினைந்து வயது. ஆள் முகம் பார்த்துப் பேச வராது. தன் கால்விரலைப் பார்த்து "நாலு" என்றாள். நாலு என்றால் யாருக்கும் தொந்தரவு இருக்காது என்று தோன்றியது.

மற்ற பிள்ளைகளுக்கு அந்தக் கூச்சம் இல்லை. பத்துக்குப் பத்து வாங்கினால் என்ன மரியாதை என்று பள்ளிக்கூடத்தில் பார்த்தவர்கள். ஆளாளுக்குப் பத்து என்றார்கள். அருள் என்கிற பையன் பன்னிரண்டு கேட்டுப் பார்த்தான். மலை சரிந்த அன்று அவன் ஒடுகத்தூரில் அத்தை வீட்டில் பரோட்டா தின்றுகொண்டிருந்தான். சார் பெருந்தன்மையாகப் பத்து போட்டுக்கொடுத்தார்.

அடுத்து செல்லியின் தங்கை புவனா. எட்டு வயது. சார் மூன்று தடவை கேட்டும் வாயைத் திறக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். பதிலே வராவிட்டால் என்ன எழுதுவதென்று படிவத்தில் இல்லை போலிருக்கிறது. சார் கொஞ்சம் யோசித்து, பூஜ்யம் போட்டார். பக்கத்தில் 'அமைதியான குழந்தை' என்று எழுதினார்.

அமைதிதான். மலை சரிந்த காலையில் அப்பா ஆடுகளை அவிழ்க்கப் பட்டிக்குப் போயிருந்தார். கூழ் ஆறுகிறது, கூப்பிட்டு வா என்று அம்மா மாணிக்கம்மாள் புவனாவை அனுப்பினாள். அவள் மேட்டில் நின்று தொண்டை கிழிய "அப்பா" என்று கூப்பிட்டாள். மலை இறங்கி வந்தது. பட்டியும் போயிற்று, அப்பாவும் போனார். அன்றோடு அவள் பேச்சும் நின்றது.

காற்று பட்டுவிட்டது என்று ஊரில் மந்திரித்தார்கள். செல்லிக்குத்தான் காரணம் பிடிபட்டது. ஒருநாள் சரிவுக்குக் கீழே நின்று, மிஞ்சிய ஒற்றை ஆட்டை அவள் கூவி அழைத்தாள். புவனா ஓடிவந்து இரண்டு கையாலும் அக்காவின் வாயைப் பொத்தினாள். நகம் கன்னத்தில் பதிந்தது. கண் மலையை விட்டு அகலவில்லை. மழைக்காலத்தில் பிள்ளைகள் கூச்சல் போட்டால் அம்மா ஒன்று சொல்வாள்: "கத்தாத, மலை முழிச்சுக்கும்." பிள்ளைகளை அடக்க அம்மாக்கள் சொல்வதுதான். புவனா நல்ல பிள்ளை. அம்மா சொன்னதை அப்படியே நம்பினாள்.

பத்து வாங்கியவர்களைச் சனிக்கிழமைதோறும் வேலூருக்கு டாக்டரிடம் அழைத்துப்போனார்கள். வரும் வழியில் அமிர்தி மிருகக்காட்சிசாலையில் மான்களைக் காட்டினார்கள். அருள் ஒரு சுற்று பெருத்தான். பயம் போயிற்றா என்று கேட்டால், இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கிறது என்பான்.

மூன்று சனிக்கிழமை செல்லி சாரிடம் கேட்கப் போய், ஜீப்புக்குப் பின்னால் நின்றுவிட்டுத் திரும்பினாள். நாலாவது சனிக்கிழமை சாரிடம் சொல்லிவிட்டாள், தங்கையையும் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும் என்று.

"புவனாவா? அவளுக்கு இன்னாம்மா? பூஜ்யம் வாங்குன ஒரே பொண்ணு. இந்த மலையிலயே அவதான் தைரியசாலி."

"பேசறதில்ல சார்."

"நல்லதாப் போச்சு. இதுங்க பேசற பேச்சுல எனக்குத் தலைவலி."

பட்டியல் மேலே போய்விட்டதாகவும், இனிப் பெயர் சேர்க்கப் பெரிய டாக்டரம்மா சொன்னால்தான் உண்டு என்றும், அவர் முகாமின் நிறைவு விழாவுக்கு வருவார், அதோடு யாரும் மலையேறப் போவதில்லை என்றும் சொன்னார்.

விழாவுக்குச் சரிவுக்கு எதிரே பந்தல் போட்டார்கள். பெரிய டாக்டரம்மா கல்பனா புவனாவுக்குத் 'தைரியக் குழந்தை' என்று கோப்பை கொடுத்தார். அவள் நன்றிகூடச் சொல்லாததை அடக்கம் என்று பாராட்டினார்கள். மாணிக்கம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடைசியாக, மனதில் இருக்கும் பயத்தை வெளியேற்றும் பயிற்சி. பிள்ளைகள் எல்லாரும் மலையைப் பார்த்து நின்று "எங்களுக்குப் பயமில்ல" என்று கத்த வேண்டும். பயிற்சிக்கு அருள் தலைமை தாங்கினான்.

முன்வரிசை நாற்காலியில் புவனா கோப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளிறிப்போயிருந்தாள். டாக்டரம்மா கிளம்ப எழுந்தார். செல்லி அவர் பக்கத்தில் போய் நின்று சொன்னாள். கேட்கவில்லை. மறுபடி சொன்னாள்.

"இன்னாம்மா? சத்தமா சொல்லு."

செல்லி மூச்சை இழுத்தாள். பிறந்ததிலிருந்து அவள் அப்படிக் கத்தியதில்லை.

"என் தங்கச்சிக்குத்தான் பயம். அவளை எழுதிக்கோங்க."

பிள்ளைகள் அதற்குள் ஓய்ந்திருந்தார்கள். அவள் குரல் மட்டும் சரிவில் மோதித் திரும்பி வந்தது. டாக்டரம்மா பேனாவைத் திறந்து, யார் அந்தப் பெண் என்று கேட்டார். செல்லி கைகாட்டத் திரும்பினாள்.

புவனா எழுந்து நின்றிருந்தாள். மலை முழித்துக்கொண்டதா என்று பார்த்தாள். பிறகு அக்காவை ஒருதரம் பார்த்தாள், இனிப் பார்க்கக் கிடைக்காதவளைப் பார்ப்பதுபோல. கோப்பையைச் சத்தம் வராமல் நாற்காலியில் வைத்துவிட்டு, பந்தலைத் தாண்டி, கீழே இறங்கும் பாதையில் நடக்கத் தொடங்கினாள்.