கருகாத பெயர்

எங்கள் ரோமில் பிரதமர் ஆகக்கூடிய ஒருவரைத் தொலைத்துக்கட்ட வேண்டுமானால் அவரைத் திட்டக் கூடாது. முந்திக்கொண்டு அவர் பெயரைச் சொல்லி, வாயாரப் புகழ வேண்டும். மற்றக் கட்சிகள் பாய்ந்து குதறிவிடும். சாயங்காலத்துக்குள் ஆள் காலி. இதைப் 'பெயரை எரிப்பது' என்போம்.

ஒர்நெல்லாவின் பெயரை எரிக்கத்தான் அன்று நான் குடியரசுத் தலைவரின் அரண்மனைக்குப் போனேன். அரசு கவிழ்ந்திருந்தது. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. கட்சிகளைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு, யாரைப் பிரதமராக்குவது என்று குடியரசுத் தலைவரே முடிவு செய்ய வேண்டும். நான் கட்சித் தலைவன், ஒன்பது வருடமாக அந்த நாற்காலிக்குக் காத்திருப்பவன். அவளோ எனக்குப் பேச்சு எழுதித் தந்துகொண்டிருந்தவள்; மூன்று வருடமாகக் கீழவையில் எங்கள் கட்சிக் குழுவின் தலைவி. இப்போது அவள் பேசினால் அவை சிரிக்கிறது, நான் பேசினால் இருமுகிறது. வயிறு எரிந்தது, மறைப்பானேன்?

படியேறும்போது மேலவையில் எங்கள் கட்சிக் குழுவின் தலைவரான சவேரியோ காதைக் கடித்தார்.

"எத்தோரே, கஞ்சத்தனம் பண்ணாம புகழுங்க. அவ கதை இன்னிக்கோட முடிஞ்சுது. அடுத்து நீங்கதான்."

உள்ளே குடியரசுத் தலைவர் நேராகவே கேட்டார். "யாரை மனசுல வச்சிருக்கீங்க?"

ஒர்நெல்லா என் பக்கத்தில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தாள். 'இந்தப் பதவிக்கு இவரைவிடத் தகுதியானவர் இல்லை.' வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்த வாக்கியம். வாயைத் திறந்தேன். என்னைவிடவா? பொய்யாகக்கூட அதைச் சொல்ல முடியவில்லை.

"உங்க முடிவுக்கே விட்டுடறோம்," என்றேன். சவேரியோ என் காலை மிதித்தார்.

மறுநாள் குடியரசுத் தலைவர் அவளை அழைத்துப் பொறுப்பைக் கொடுத்தார். மற்றவர்கள் சொல்லிப்போன நான்கு பெயர்களும் முந்தின நாளே கருகியிருந்தன. இது எந்தக் கட்சியும் சொல்லாத பெயர், அவரே தேர்ந்த பெயர். குதறுவதற்கு எவனுக்கும் வாய்ப்புக் கிடைக்கவில்லை.

அரண்மனையிலிருந்து அவள் நேரே என் அறைக்கு வந்தாள். கண்ணீரோடு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பேரைச் சொல்லிருவீங்களோன்னு நடுங்கிட்டே உட்கார்ந்திருந்தேன். சொல்லியிருந்தா நான் சாம்பல். எனக்காக உங்க பேரையும் சொல்லிக்கல. உங்களைப் போய்ப் பொறாமைக்காரர்னு நெனச்சேனே!"

சவேரியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பரவாயில்லம்மா," என்றேன். "வாயாலதான் சொல்லல. மனசு பூரா உன் பேருதான் இருந்துச்சு."

அதில் பொய்யே இல்லை. மூன்று வருடமாக அங்கே வேறு எதற்கும் இடமில்லை.