கரையானுக்கு வைத்த பரீட்சை

சுவிட்ச் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் கழுகம்மா என்றால் வாயிற்காவலர் முதல் முதலாளி வரை எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. இருபத்தாறு வருடமாகத் தரம் பார்க்கிற வேலை. புதிதாகச் சேரும் பரிசோதகரின் தட்டில், நல்ல சுவிட்சுகளுக்கு நடுவே பழுதான ஒன்றைச் சத்தமில்லாமல் கலந்து வைத்துவிடுவார். கண்டுபிடித்தால் பிழைத்தார். கோட்டை விட்டால் தோளில் சிவப்பு அட்டை. அன்று சாயங்காலம் வரை அதைக் குத்திக்கொண்டே திரிய வேண்டும்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டிலேயே கரையான் வந்தது. அதுவும் மகள் கைக்குழந்தையோடு வந்து தங்கப்போகிற சமயம் பார்த்து. குழந்தைக்கு மூச்சிரைப்பு வேறு. மகள் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"மருந்து வாடையும் ஆகாது, பூச்சியும் ஆகாதும்மா. நீ யார் பேச்சையும் கேக்காம உன் இஷ்டத்துக்கு எதையாவது செஞ்சு வெக்காத. சரியா வரலன்னா நான் மாமியார் வீட்லயே இருந்துக்கறேன்."

இன்னும் பத்தே நாள். குழந்தைக்கென்று உள்ளறையில் புது மரக்கட்டில் போட்டு, வீட்டுக்காரர் மூன்று நாள் உட்கார்ந்து அதற்கு பாலிஷ் போட்டிருந்தார். அந்தக் கட்டில் காலியாகக் கிடந்தால் தன்னால் தாங்க முடியாது என்று கழுகம்மாவுக்குத் தெரியும். அதற்காகக் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிற ஆளா அவர்? கரையான் ஒழிக்கும் மூன்று கம்பெனிகளை வீடு பார்க்க வரச் சொன்னார்.

கரையான் இருந்தது மூன்று இடத்தில். பின்வாசல் நிலையில் ஒன்று, குளியலறைக் கதவோரம் ஒன்று. மூன்றாவது உள்ளறைச் சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஏறிய மண்கோடு. அதை மட்டும் ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்து, சுவரின் நிறத்திலேயே பெயின்ட் பூசினார்.

"என்னடி பண்ற?" என்றார் வீட்டுக்காரர்.

"பரீட்சை வெக்கறேன். இதையும் கண்டுபிடிக்கற ஆளுக்குத்தான் வேலை."

"சரிதான். கரையான் வீட்டைத் திங்குது, நீ வினாத்தாள் தயார் பண்ணிட்டிருக்க."

முதலில் வந்தவர் டை கட்டியிருந்தார். சோபாவை விட்டு எழுந்திருக்கவே இல்லை. "வீடு பூரா அடிச்சிடலாம் மேடம், மூணு மணி நேர வேலை," என்றார். எங்கே இருக்கிறது என்று பார்க்காமலே எதை அடிப்பீர்கள் என்று கேட்டதற்கு, "எல்லாத்தையும்," என்றார். கழுகம்மா அவருக்குத் தண்ணீர் கொடுத்து வழியனுப்பினார்.

இரண்டாவது இளைஞன் சுறுசுறுப்பு. கதவோரம் இரண்டையும் பிடித்துவிட்டான். கழுகம்மாவுக்கே ஒரு சபலம் தட்டியது. அப்புறம் அவன் ஜன்னல் சட்டத்தைத் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினான்.

"உள்ள பூரா அரிச்சிருக்கு ஆன்ட்டி. இன்னும் ஒரு மாசம்கூடத் தாங்காது."

"அது இரும்பு ஜன்னல், தம்பி. பெயின்ட்தான் மரக்கலரு."

அவன் போன வேகத்தில் டார்ச்சை மறந்துவிட்டுப் போனான்.

மூன்றாவதாக வந்தது ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண். கையில் நீள ஸ்க்ரூடிரைவர், முழங்காலில் ரப்பர் உறை. வந்ததும் தரையில் மண்டியிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அங்குலம் அங்குலமாக நகர்ந்தார். இரண்டு கதவுகளும் சிக்கின. உள்ளறையில் அவர் கை சட்டென்று நின்றது. சாய்ந்த வெளிச்சத்தில் புதுப் பெயின்ட் தனியாகத் தெரிந்தது.

"இங்க இருந்ததை யாரு துடைச்சது?"

"நான்தான்!" கழுகம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "வேணும்னேதான் மறைச்சேன். நீங்க பாஸ்!"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அக்கா, அதுதான் அதுங்க வந்த வழி. அந்த மண்கோட்டைப் புடிச்சிட்டே போயிருந்தா புத்து எங்கன்னு இன்னைக்கே தெரிஞ்சிருக்கும். நீங்க துடைச்சதும் அதுங்க வேற வழி பாத்திருக்கும்." சொல்லிக்கொண்டே பக்கத்திலிருந்த குழந்தைக் கட்டிலைச் சற்றுத் தூக்கினார்.

ஒரு காலுக்கு அடியில் ஈரம் காயாத புதுமண். ஸ்க்ரூடிரைவர் நுனி மரத்துக்குள் சுலபமாக இறங்கியது.

இருபத்தாறு வருடத்தில் பழுதைக் கலந்து வைத்த தட்டு எதுவும் கழுகம்மா மேலேயே கவிழ்ந்ததில்லை. வெட்கமாக இருந்தது, கட்டிலைப் பார்க்கப் பார்க்க அழுகையும் வந்தது.

"பத்து நாள்ல முடிச்சிடுவீங்களா?"

"முடியாதுக்கா. வெளிச்சுவரோரம் துளை போட்டு மருந்து ஏத்துவேன். வீட்டுக்குள்ள ஒரு சொட்டு அடிக்க மாட்டேன். ஆனா இந்த ரூமை ஒரு மாசம் பூட்டி வெக்கணும். கட்டில் வெளிய போகணும். வாராவாரம் நான் வந்து பாப்பேன், அதுவரைக்கும் நீங்க எதையும் தொடக் கூடாது."

அவர் வீட்டிலேயே அவரிடம் ‘எதையும் தொடாதே’ என்று சொன்ன முதல் ஆள். "நாளைக்கே ஆரம்பிங்க," என்றார் கழுகம்மா.

அன்று மாலையே மகளைக் கூப்பிட்டார். "உங்களுக்கு எங்க ரூமைக் குடுக்கறோம். உள்ரூமை ஒரு மாசம் திறக்கக் கூடாதாம்."

"யாரு சொன்னா?"

"கரையானுக்கு வர்ற அம்மா. தப்பு என்னோடதுதான். கெட்டிக்காரத்தனம்னு நெனச்சு வந்த வழியத் துடைச்சிட்டேன். கட்டிலும் போச்சு."

கழுகம்மா போனை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, நீ ஒருத்தர் சொன்னதைக் கேட்டியா? தப்புன்னு வேற ஒத்துக்கிட்டியா?" மகள் சிரிக்க ஆரம்பித்தாள். "கட்டில் கெடக்குது விடு. சொன்ன தேதிக்கு வர்றோம். இனிமே குழந்தைய உன்கிட்ட நம்பி விடலாம்."

மறுநாள் காலை துளை போடும் கருவியோடு அந்தப் பெண் வந்து கதவைத் தட்டினார். திறந்த கழுகம்மாவின் தோளில் சிவப்பாக ஏதோ குத்தியிருந்தது.

"என்னக்கா அது?"

"பரீட்சை ரிசல்ட்டு," என்றார் கழுகம்மா. "சாயங்காலம் வரைக்கும் கழட்டக் கூடாது. வாங்க, எங்கேருந்து ஆரம்பிக்கணும்?"