மூலையில் ஒரு காதுப் படம்

லான்செஸ்டன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதத்தைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் படித்துக் காட்டினார். குறித்த நாளில் நீங்கள் வரவில்லை, ஆகவே பட்டியலிலிருந்து உங்கள் பெயர் எடுக்கப்பட்டுவிட்டது என்று இருந்தது.

லோர்னா பாஸ்கோ கடிதத்தை வாங்கிக் கசக்கினாள். மரத்துக்கொண்டே வரும் வலது கைக்கு அறுவை செய்ய ஐந்து மாதம் காத்திருந்தவள் அவள். நாற்பது வயதில் பார்வை போன பிறகு விரல்நுனியால்தான் படிக்கிறாள். அதுவும் போனால் மிச்சம் என்ன?

அன்றைக்கு அவள் போகாமலா இருந்தாள்? வாசலில் புதிதாக நின்ற, வருகை பதியும் இயந்திரத்தின் வழவழத்த கண்ணாடியை இருபது நிமிடம் தடவினாள். அது வாயே திறக்கவில்லை. பெயர் கேட்டுப் பதிகிற பெண்ணையோ அந்த வாரம்தான் வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள்.

ஃபோனில் சண்டை போட்டாள். மறுவாரம் அழைப்பு வந்தது, இயந்திரத்தைச் சோதித்துச் சொல்ல வாருங்கள் என்று. போனவளுக்குத் தேநீரும் லாமிங்டன் கேக்கும் கொடுத்தார்கள். தொடவில்லை.

இயந்திரத்தை வடிவமைத்த கேலம் சின்னப் பையன். "இது பேசும் லோர்னா. நீங்க பேசினாலும் புரிஞ்சுக்கும்."

"அன்னிக்கு ஏன் பேசல?"

"வலது பக்கம் மேல் மூலையில ஒரு காதுப் படம் இருக்கு. அதைத் தொட்டாதான் குரல் வரும்."

"படமா?"

"ஆமா, நீலமா இருக்கும்."

"நீலம் எனக்குப் பிடிக்கும்" என்றாள் லோர்னா.

அவன் குரல் இறங்கியது. "நாங்க எல்லாரும் கண்ணைக் கட்டிக்கிட்டு சோதிச்சோம். ஒருத்தரும் தடுமாறல."

"வரைஞ்சதே நீங்கதானே கண்ணு. உங்க கைக்கு வழி தெரியும்."

நிர்வாகி ரோவெனா காகிதத்தை நகர்த்தினாள். "பார்வையில்லாத ஒருத்தர் சோதிச்சுட்டு சரின்னு கையெழுத்துப் போடணும். போட்டீங்கன்னா, உங்க பேரை நானே பட்டியல்ல மேல ஏத்திடறேன்."

லோர்னா மரத்த விரல்களைத் தேய்த்துக்கொண்டாள். ஆசை வராமல் இல்லை. பிறகு சொன்னாள்: "சக்கர நாற்காலிக்காரங்களுக்குன்னு வேற ஆள் வரைஞ்ச குட்டை இயந்திரம் ஒண்ணு வச்சிருக்கீங்களாமே. கேலம், அதுல கண்ணைக் கட்டிக்கிட்டு செய்ங்க."

அவன் அவளுடைய கழுத்துத் துணியை வாங்கிக் கட்டிக்கொண்டு குனிந்தான். கண்ணாடியில் விரல் கீச்சிட்டது. ஓரத்தைத் தேடினான், மூலையைத் தேடினான். இயந்திரம் ஊமையாகவே இருந்தது. இரண்டு நிமிடத்தில் துணியை அவிழ்த்துவிட்டான்.

"நீங்க அவுத்துட்டீங்க. நான் எதை அவுக்கறது?"

லோர்னா ரோவெனாவின் பக்கம் திரும்பினாள்.

"கைக்குத் தட்டுப்படற மாதிரி புடைச்ச பொத்தான் ஒண்ணு வைங்க. அதுவரைக்கும் அந்தப் பொண்ணு இங்க உக்காரட்டும். என் பேரை மேல ஏத்த வேணாம், ரோவெனா. இருந்த இடத்துல வைங்க. அதுக்கு என்கிட்ட கையெழுத்து கேக்காதீங்க."

பேனாவை வாங்கி, கையெழுத்துக் கோட்டைப் பொருட்படுத்தாமல் காகிதம் முழுக்கக் கோணலாக எழுதினாள். ரோவெனா அதை வாங்கி மனதுக்குள் படித்தாள்.

"சத்தமா படிங்க" என்றாள் லோர்னா. "பார்த்தா எனக்கு எப்படித் தெரியும்?"

பதிவுக்காக வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்க, ரோவெனா படித்தாள்: "அன்றைக்கு நான் வந்திருந்தேன்."