வண்டியேறும் பாட்டு

பண்பொழி மாடக்கண்ணு அண்ணாச்சியின் பாட்டைப் பற்றி, கேட்டே இராதவர்களிடம் நான் பேசுவதில்லை. பேசினால் சண்டையில்தான் முடியும். அவர் சினிமாவில் பாடியவர் இல்லை. தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, ஆர்மோனியத்தை முன்னால் வைத்துக்கொண்டு தானே பாடியவர். சில கேசட்டுகள் வந்தன, கம்பெனியை மூடிவிட்டார்கள், அவரும் ஊரை விட்டு மதுரைக்குப் போய்விட்டார். மற்றவர்களுக்கு அவர் கதை இவ்வளவுதான். ஆனால் தென்காசியில் அவருக்கு இன்றைக்கும் ரசிகர் மன்றம் உண்டு. மைக் செட் வைத்துப் பிழைக்கிற சுடலைமணியாகிய நான் அதற்குத் தலைவர். என் சேக்காளி முகம்மது ரபீக் செயலாளர். அவன் முன்பு கேசட் பதிவு செய்து கொடுக்கும் கடை வைத்திருந்தான். இப்போது அதே கடையில் செல்போன் கவர் விற்கிறான்.

அண்ணாச்சியின் பாட்டுகளில் ஒன்று மட்டும் எங்கள் பக்கத்தில் சடங்காகவே ஆகிவிட்டது. அண்ணன் தன் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்து மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்புகிற பாட்டு அது. முதல் சரணத்தில் அவளுக்குப் பூ வைத்துவிடுவார்கள். இரண்டாவதில் அண்டாவும் குத்துவிளக்கும் வண்டியில் ஏறும். மூன்றாவதில், 'ஆடிக்கு அழைக்க அண்ணன் வருவேன், அதுவரை நீ பொறுத்திரு' என்பார். 'பொறுத்திரு' என்ற இடத்தில் பாட்டு பட்டென்று நின்றுவிடும். தென்காசி, அச்சன்புதூர், பண்பொழி என்று எந்த ஊர்க் கல்யாணமானாலும் பெண் வண்டியேறும்போது இந்தப் பாட்டைத்தான் போட வேண்டும். பாட்டு நின்றதும் டிரைவர் வண்டியை எடுக்க வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

அந்த நிறுத்தத்தைப் பற்றி நாங்கள் பேசாத பேச்சில்லை. இசையை இழுத்து மெதுவாக முடிக்கத் தெரியாதவரா அவர்? பிரிவு என்பது அப்படித்தான் பட்டென்று வரும், அதைத்தான் அண்ணாச்சி பாட்டிலேயே செய்து காட்டுகிறார் என்று மன்றத்தின் ஆண்டு மலரில் நான் ஒரு கட்டுரையே எழுதினேன். ரபீக் அதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் மருமகன் பாட்டை யூடியூபில் ஏற்றினான். அதன் கீழே துபாயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வந்து, அக்கா கல்யாணத்தில் கேட்டது, இப்போது கேட்டாலும் அழுகை வருகிறது என்று இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த ஆனியில் என் மகள் சத்யபிரியாவுக்குக் கல்யாணம் வைத்தோம். ஊரார் பெண்களை எல்லாம் அந்தப் பாட்டோடு அனுப்பிவைத்தவன், என் பெண்ணுக்கு மட்டும் பென் டிரைவில் போடுவேனா? அண்ணாச்சியே வந்து பாட வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். மதுரைக்கு நடையாக நடந்து, அவர் மகளிடம் கெஞ்சி, கார் வைத்துக் கூட்டி வந்து ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்க வைத்தேன். எண்பதைத் தொடப்போகிற வயது. கை லேசாக நடுங்கியது. குரலில் மட்டும் நடுக்கமே இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம் நானும் ரபீக்கும் போய் அவர் முன்னால் உட்கார்ந்தோம். வெளியே சாரல். குளித்துவிட்டு வந்த கூட்டம் வராந்தா முழுக்க ஈரத் துண்டைக் காயப்போட்டிருந்தது. ரபீக் போனை எடுத்து அவருடைய பாட்டை அவருக்கே போட்டுக் காட்டினான். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"யாரு தம்பி பாடுதது?"

"அண்ணாச்சி, நீங்கதான்."

"நானா? யாரோ சின்னப் பையன் அவசர அவசரமாப் பாடுதான்னுல்லா நெனச்சேன்."

வயசாகிவிட்டது, நினைவு தடுமாறுகிறது என்று நானும் ரபீக்கும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒருதடவை பாடிப் பாருங்கள் என்றேன். அவர் ஆர்மோனியத்தை இழுத்து வைத்துக்கொண்டு பாடினார். நாங்கள் கேட்டுப் பழகிய வேகம் இல்லை. அடி எடுத்து வைக்க மனசில்லாதவன் நடப்பதைப் போல அவ்வளவு மெதுவாக இருந்தது. நான் தொடையில் தாளம் போட்டுத் தோற்று, கையை எடுத்துவிட்டேன். ஒருவழியாக 'பொறுத்திரு' வந்தது. கைதட்டத் தயாரானோம்.

அவர் நிறுத்தவில்லை.

'ஆடி பொறந்துச்சு, அண்ணன் வந்தேன். வாசல் நெறையச் செருப்பு கெடக்கு' என்று நான்காவதாக ஒரு சரணம் வந்தது. இழவு வீட்டு வாசல் அது. உள்ளே தங்கச்சியைக் கிடத்தியிருக்கிறார்கள். 'வண்டியேறையில என்னமோ சொன்னியே, மேளச் சத்தத்துல கேக்கலையே' என்று அண்ணன் திரும்பத் திரும்பக் கேட்கிறான். அதைத்தான் கடைசி வரியாக மூன்று விதமாக மாற்றி மாற்றிப் பாடி முடித்தார். நான்தான் கேட்டேன்.

"இந்தச் சரணம் கேசட்ல இல்லையே, அண்ணாச்சி. இப்பதான் எழுதுனீங்களா?"

"இப்ப என்னத்தை எழுத? இதுதான் பாட்டு. மத்த மூணும் இங்கன வந்து சேருததுக்குத்தான்."

ரபீக் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் மெல்லச் சொன்னான். "மணி, கம்பெனி கேசட் ஒண்ணுதாம்லே என்கிட்ட இருந்துச்சு. அதை வச்சுத்தான் ஊருக்கே காப்பி போட்டேன். என் பழைய டெக்கு கொஞ்சம் வேகமா ஓடும், அது ஒனக்கே தெரியும். வெத்துக் கேசட்டு சல்லிசாக் கெடைக்குதேன்னு வாங்குனேன். எல்லாத்துலயும் டேப்பு ஒரே அளவுக்குக் கம்மி. ஓட விட்டுட்டு டீ குடிக்கப் போயிருவேன். இந்தப் பாட்டு கடைசிப் பாட்டுல்லா. வந்து பாத்தா டேப்பு முடிஞ்சு பட்டன் எந்திரிச்சிருக்கும்."

"அப்ப அந்த நிறுத்தம்?"

"டேப்பு முடிஞ்ச இடம்."

"பொறவு என் கட்டுரையைப் படிச்சிட்டு எதுக்குலே அழுத?"

"நீ நல்லாத்தானே எழுதியிருந்த," என்றான்.

யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை. எத்தனை பெண்களை இந்தப் பாட்டோடு வண்டியேற்றி அனுப்பியிருக்கிறேன். அதில் பாதிப் பேர் நன்றாகத்தான் இருக்கிறார்கள், பிள்ளை பெற்றுப் பேத்தி எடுத்துவிட்டார்கள். சிலர் திரும்பி வந்தார்கள். ஒருத்தியைத் தூக்கி வந்தார்கள். அதற்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். கேட்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே, "தங்கச்சி நெசமா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டேன்.

"வடிவு. வடிவம்மாள். அவளை வடக்க கட்டிக் குடுத்தோம். ஏறும்போது ஏதோ சொன்னா. மேளக்காரங்களுக்கு நாந்தான் கையைக் காட்டி, நல்லா அடிங்கலேன்னு சொல்லிக்கிட்டு நின்னேன். என்ன சொன்னான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல, தம்பி. ஒண்ணுமில்லாததாக்கூட இருக்கலாம். அதான் பாட்டே." ஆர்மோனியத்தின் மூடியை மெதுவாகச் சாத்தினார். "நாளைக்குப் பாடவா, வேண்டாமான்னு சொல்லிருங்க. பாதியில நிறுத்த எனக்கு வராது."

வீட்டுக்கு வந்தால் பந்தல்காரனும் சமையல்காரரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். என் மனைவி மாரிச்செல்வியைத் தேங்காய் மூட்டைக்குப் பக்கத்தில் தனியாகப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அலறுவாள், பாட்டே வேண்டாம் என்பாள், நானும் சரியென்று சொல்லிவிடலாம் என்று எதிர்பார்த்திருந்தேன். அவள் வாழையிலைக் கட்டைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கடைசி வரி என்னன்னு சொன்னீங்க?"

சொன்னேன். அவள் கை கொஞ்சம் நின்றது.

"இப்ப என்ன செய்யட்டும், செல்வி? பாடச் சொல்லவா?"

"ஒங்க இஷ்டம்," என்று இலையை எண்ணப் போய்விட்டாள்.

இந்த 'ஒங்க இஷ்டம்' இருக்கிறதே, அதைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். மன்றத்து ஆட்களுக்கு ஏற்கெனவே சொல்லியாயிற்று. அண்ணாச்சியை நேரில் பார்க்க விடிந்ததும் பஸ் ஏறிவிடுவார்கள். அவரைப் பாட வேண்டாம் என்றால் அவமானம். பாடச் சொன்னால் என் பெண்ணை இழவுப் பாட்டோடு அனுப்ப வேண்டும். பழைய கேசட்டைப் போட்டுவிடலாம் என்றால், முழுப் பாட்டையும் கேட்ட காதுக்கு அதுவும் முன்போல் கேட்கவில்லை. 'பொறுத்திரு' என்பது இப்போது வேறு எதையோ சொல்கிறது. இத்தனை வருடம் நான் ரசித்தது அண்ணாச்சியின் பாட்டையா, ரபீக்கின் டெக்கையா என்று கூட ஒரு குழப்பம் வந்து உட்கார்ந்துகொண்டது.

திருமலைக்கோயிலில் காலையில் தாலி கட்டி, மண்டபத்தில் பந்தி முடிந்தது. ஒரு முடிவுக்கும் வராமலேயே பெண் அனுப்புகிற நேரத்துக்கு வந்து சேர்ந்தேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வராததால் அண்ணாச்சி மைக் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆம்பிளிஃபயருக்குப் பக்கத்தில் நான். சத்யபிரியாவும் மாப்பிள்ளையும் காரில் ஏறினார்கள். அண்ணாச்சி ஆரம்பித்தார்.

மன்றத்து ஆட்கள் முதலில் சிரித்த முகத்தோடுதான் நின்றார்கள். பாட்டின் நிதானத்தைக் கேட்கக் கேட்க முகங்கள் மாறின. இது அந்தப் பாட்டுதானா என்று பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். கைதட்டத் தொடங்கிய பெண்கள் தாளம் பிடிபடாமல் விட்டுவிட்டார்கள். டிரைவர் எங்கள் ஊர்ப் பையன், பழக்கம் தெரிந்தவன். 'பொறுத்திரு' வந்ததும் வண்டியைக் கிளப்பினான். அண்ணாச்சி அடுத்த சரணத்துக்கு மூச்சை இழுத்தார்.

அப்போது சத்யபிரியா கண்ணாடியை இறக்கி, என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள்.

வாய் அசைந்தது தெரிந்தது. பாட்டும் ஆர்மோனியமும் என்ஜினுமாக எதுவும் கேட்கவில்லை. என்ன நினைத்தேன் என்று எனக்கே தெரியாது. ஆம்பிளிஃபயரின் சுவிட்சை அணைத்தேன். அண்ணாச்சியின் குரல் அவர் வாயோடு நின்றது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடி, காருக்கு முன்னால் கையை விரித்து மறித்தேன்.

"என்னட்டி சொன்ன?"

"எப்பா, என் சார்ஜர் மணமகள் ரூம்ல கெடக்கு. எடுத்துத் தரச் சொன்னேன்."

எல்லாரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் சிரித்தார். யாரோ ஓடிப்போய் சார்ஜரை எடுத்து வந்தார்கள். நான் சிரிக்கவில்லை. கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு, "வேற ஒண்ணும் இல்லையே, தாயி? போக இஷ்டந்தானே?" என்று கேட்டேன். கட்டிக்கொடுத்த பிறகு இப்படி ஒரு கேள்வி கேட்கிற தகப்பனை மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைத்திருப்பார்களோ தெரியாது.

சத்யபிரியா என் முகத்தைப் பார்த்தாள். "சந்தோசமாத்தான் போறேன்ப்பா. நீங்க ஏன் ஒரு மாதிரி இருக்கீங்க? மாத்திரை போட்டீங்களா?" என்றாள். கார் போய்விட்டது.

சத்தமில்லாமல் ஒரு பெண் வண்டியேறிப் போய் நான் பார்த்ததே இல்லை. கூட்டம் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றது. அண்ணாச்சி ஆர்மோனியத்தை மூடிவிட்டு, குற்றம் சொல்லாமல், தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். ரபீக் அவருக்குக் காப்பி வாங்கக் கிளம்பினான். என் பக்கத்தில் மாரிச்செல்வி முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு நின்றாள்.

"நல்ல காரியம் செஞ்சீங்க," என்றாள்.

"நீதான ஒங்க இஷ்டம்னு சொன்ன."

"ஆமா." சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்ம கல்யாணத்துக்கும் நீங்கதான செட்டு போட்டீங்க. மாப்பிள்ளை மாலையோட போய் சத்தத்தைக் கூட்டி வச்சிட்டு வந்து வண்டியில ஏறுனீங்க. ஊரே சிரிச்சுது. அப்ப நானும் எங்கய்யாகிட்ட ஒண்ணு சொன்னேன்."

எனக்கு அப்படி எதுவும் நினைவில்லை. சார்ஜர் மாதிரி ஏதாவதாக இருக்கும் என்று சிரித்துக்கொண்டே, "என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"எனக்குப் போக வேண்டாம்யான்னு சொன்னேன்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"அவருக்குக் கேக்கல. சிரிச்சுக்கிட்டே கையை ஆட்டுனாரு. பாட்டு நின்னுச்சு, வண்டி கெளம்பிருச்சு."