விழிதியூரில் வேகாத பருப்பு

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, கடல்காற்று என் குரலைத் தூக்கிக்கொண்டு போகிறது. பூமியைத் துளைத்துப் பார்ப்பதே உத்தியோகமான ஒரு பெண்ணுக்குக் கோபம் வந்த கதையைச் சொல்கிறேன். கேட்கக் கேட்க உங்களுக்கும் வரும். வரட்டும்.

அவள் பெயர் சுஹைனா. திருமலைராயன்பட்டினத்துக்காரி. நிலவியல் படித்துவிட்டுக் காரைக்காலில் ஒரு தனியார் ஆய்வு அலுவலகத்தில் வேலை பார்த்தாள். விழிதியூர் ஆற்றோரத்தில் மணலும் கூழாங்கல்லும் வெட்ட வேண்டும் என்று தியாகராசன் என்கிற காண்டிராக்டர் மனுப் போட்டிருந்தார். அடிமண்ணைப் பார்த்து, வெட்டலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியவள் இவள்.

ஆழ்துளை போடுகிற போர் வண்டி வந்து துளைத்தது. மேலே மணல். ஊர் குடிக்கிற தண்ணீர் அந்த மணலுக்குள்தான் இருக்கிறது. அதற்குக் கீழே ஓர் ஆள் உயரத்துக்குக் களிமண். களிமண்ணுக்கும் அடியில் கூழாங்கல். தியாகராசனின் கண்ணெல்லாம் அந்தக் கூழாங்கல் மேல். கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்க, கூழாங்கல்லுக்குள் நிற்பது உப்புத்தண்ணீராகத்தான் இருக்கும் என்று சுஹைனா நினைத்தாள். அப்படியானால் அந்தக் களிமண்தான் ஊருக்குக் கதவு. உடைத்தால் உப்பு மேலே ஏறி, கிணறு வயல் எல்லாம் பாழ்.

அடித்தண்ணீரை எடுத்துச் சோதித்தார்கள். நல்ல தண்ணீர் என்று காட்டியது மீட்டர். அலுவலகத் தலைவர் அன்பழகன் உடனே அறிக்கையை டைப் அடிக்கக் கொடுத்துவிட்டார். சுஹைனாவுக்கு மனசு ஒப்பவில்லை. போர் வண்டிக்காரர் ஜவஹர் அலியைக் கேட்டாள். அவர் ஒளிக்கவில்லை. டேங்கர் தண்ணீரை ஊற்றி ஊற்றித்தான் குழாயை இறக்குவோம், பிறகு அதையெல்லாம் இறைத்துக் கொட்ட வேண்டும், அதற்கு சார் நேரமே கொடுக்கவில்லை என்றார். மீட்டர் அளந்தது டேங்கர் தண்ணீரை.

அன்பழகனிடம் போய்ச் சொன்னாள். நாளைக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம், இனி மறுசோதனை கிடையாது என்றார் அவர், தலையைக்கூட நிமிர்த்தாமல்.

"எல்லா எடத்துலயும் இப்படித்தாம்மா எடுக்குறோம். கையெழுத்தப் போட்டுட்டு வீட்டுக்குப் போ."

"எல்லா எடத்துலயுமா சார்?"

அவர் அடுத்த கோப்பைப் பிரித்தார். அவளுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. கையெழுத்துப் போடாமல் விழிதியூருக்குப் பஸ் ஏறினாள்.

"நானா, மோட்டாரப் போடுங்க. ஊத்துன தண்ணி பூரா வெளிய போவட்டும்" என்றாள் ஜவஹர் அலியிடம்; அண்ணனை அவர்கள் பக்கத்தில் நானா என்பார்கள். கூட்டத்தன்று காலைவரை இறைத்தார்கள். பிறகு வந்தது பூமியின் சொந்தத் தண்ணீர். நாக்கில் வைத்ததும் கரித்தது.

கூட்டத்துக்கு வருகிற சனத்துக்குத் தியாகராசன் செலவில் சாம்பார் சாதம் ஏற்பாடாகியிருந்தது. சுஹைனா ஒரு டம்ளரில் அந்தத் தண்ணீரை மொண்டு போய், குடித்துப் பாருங்கள் என்று அவரிடம் நீட்டினாள். சம்பளக்காரப் பெண் கையிலிருந்து வாங்கிக் குடிப்பதா? அச்சடித்த அறிக்கையை ஆட்டிக் காட்டிச் சிரித்தார். சமையல்காரர் சுப்ராயனைக் கூப்பிட்டார்.

"போர்த் தண்ணியிலயே சமைப்பா. ஊரே தின்னு பாக்கட்டும்."

சுப்ராயன் வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டு, கரிக்குதுங்களே என்றார்.

"அப்ப உப்பக் கொறச்சுப் போடு."

மனுவைத் தீர்மானிக்கிற அரசு அதிகாரி வந்தார், கூட்டம் தொடங்கியது. களிமண்ணுக்குக் கீழும் குடிதண்ணீர்தான், தோண்டினால் ஒரு பாதகமும் இல்லை என்று அன்பழகன் வாசித்தார். பந்தலுக்குப் பின்னால் அண்டா கொதித்தது. கொதித்துக்கொண்டே இருந்தது. கேள்வியெல்லாம் முடிந்தும் இலை போடவில்லை. பிள்ளைகள் பசியில் சிணுங்கின. அந்த ஊரில் நடவு போட்டிருந்த பங்கஜவல்லி எழுந்து பின்பக்கம் போனாள். கரண்டி நிறைய பருப்பை அள்ளி வந்து அதிகாரியின் மேசையில் கொட்டினாள். கொட்டிய பருப்பு கடகடவென்று உருண்டது.

"கூழாங்கல்லு கூழாங்கல்லுன்னு அலைஞ்சாரே, சாம்பார்லயே கெடக்கு பாருங்க."

பந்தலே சிரித்தது. சுஹைனா சிரிக்கவில்லை. எழுந்து, மீட்டர் அளந்தது டேங்கர் தண்ணீரைத்தான் என்பதை விளக்கினாள்.

"அந்த அறிக்கையில எம் பேரு இருக்கு சார், கையெழுத்து இல்ல. போடவும் மாட்டேன். அந்தக் களிமண்ண ஒடைச்சா இந்த ஊருல எந்த வீட்டுலயும் பருப்பு வேகாது."

அதிகாரி அந்தத் தண்ணீரை வரவழைத்து ஒரு வாய் வைத்தார், துப்பினார். மனுவை அங்கேயே திருப்பிவிட்டார். தியாகராசன் சாப்பிடாமல் கார் ஏறினார். ஊரும் சாப்பிடவில்லை, பாவம். பங்கஜவல்லி வீட்டுக் கிணற்றில் இறைத்து மறுபடி உலை வைத்தார்கள்.

மறுநாளிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று அன்பழகன் சொல்லிவிட்டார். கோபம் ஆறுமா அவளுக்கு? 'எல்லா எடத்துலயும்' என்று அவர் வாயாலேயே சொல்லியிருந்தாரே, அது காதிலேயே நின்றது. ஜவஹர் அலியின் மோட்டாரை ஏற்றிக்கொண்டு, அந்த அலுவலகம் துளைத்துப்போட்ட பழைய குழிகளையும் இறைத்துச் சோதிக்கத் தேடிக் கிளம்பினாள். இன்றைக்கும் எங்கேயோ ஓர் ஊரில் இறைத்துக்கொண்டுதான் இருப்பாள்.

உங்கள் வீட்டு உலையில் போட்ட பருப்பு ஒரு கொதியில் மலரட்டும், என் செல்லங்களா. உங்கள் கிணறு கோடையிலும் இனிக்கட்டும். அநியாயத்தைக் கண்டால் கொதிக்கிற பிள்ளை ஒன்றாவது உங்கள் வாசலில் வளரட்டும்.