கவுன்சிலர் வீட்டு ஹாலில் பள்ளம்

துரைராஜ் கவுன்சிலராகப் பதவியேற்ற மறுநாள் காலை, மாடம்பாக்கம் ரோட்டுப் பள்ளம் அவர் வீட்டு ஹாலுக்குக் குடிவந்தது. முழங்கால் ஆழம், கலங்கல் தண்ணீர், ஓரத்தில் நெல் நாற்று, எல்லாம் ரோட்டில் இருந்தபடியே. சோபா மட்டும் ஒருபக்கமாகச் சரிந்திருந்தது. ரோட்டில் அந்த இடம் புதுத்தார் போட்டதுபோல மழமழவென்று கிடந்தது. மாலைக்குள் யாரோ நன்றி சொல்லி ஃபிளக்ஸே வைத்துவிட்டார்கள்.

பள்ளம் அவருக்குப் பழைய பழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் வீடுவீடாக இலவசமாகப் போடும் வாரப் பத்திரிகையில் இருபது வருஷம் நிருபராக இருந்தவர். அதில் பாதிக்காலம் இந்தப் பள்ளத்தைப் பற்றித்தான் எழுதினார், ஒருத்தரும் அசையவில்லை. கடைசியில் கேளம்பாக்கம் பக்கத்திலிருந்து நாற்றுக்கட்டு வாங்கிவந்து, தெருப் பெண்களை விட்டுப் பள்ளத்தில் நடச்சொல்லிப் படம் எடுத்தார். இந்தமாதிரிப் போராட்டங்களில் நாற்றைச் சும்மா செருகிவிட்டு, படம் எடுத்ததும் கிளம்பிவிடுவதுதான் வழக்கம். ஆனால் அவர்களில் ஒருத்தியான அங்காளம்மாள், நிலத்தை மனைபோட்டு விற்கும்வரை வயலில் இறங்கி வேலை செய்தவள், "நட்டா ஒயுங்கா நடணும் சார்" என்று வேர் பதிய நட்டுவிட்டாள். நாற்று பிடித்துக்கொண்டது. படம் செல்போன் செல்போனாகச் சுற்றியது. அதை வைத்தே துரைராஜுக்கு சீட்டு கிடைத்தது. அங்காளம்மாளே அவருக்காக வாசல் வாசலாக ஓட்டு கேட்டாள்.

அதன்பிறகு வார்டில் யார் குறை சொன்னாலும் "பாத்துக்கிறேன்" என்பார். மறுநாள் அந்தக் குறை வீட்டுக்கு வந்துவிடும். அடைத்துக்கொண்ட சாக்கடை பாத்ரூமுக்கு வந்தது, எரியாத தெருவிளக்கு கட்டில் பக்கத்தில் வந்து நின்றது, தெருநாய்கள் மொட்டைமாடியில் குட்டி போட்டன. வார்டு பளிச்சென்று ஆனது, மனுஷர் துரும்பாக இளைத்தார். நிருபராக இருந்தபோது எழுதி அனுப்பியதும் தூக்கம் வரும். இப்போது அதுவும் போயிற்று. மனைவி ஸ்ரீவித்யா மூன்று வருஷம் தண்ணீரில் நடந்தே சமைத்தாள். ஒருநாள் பையை எடுத்துவைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க கவுன்சிலரா இருங்க. நான் கோவிலம்பாக்கத்துல எங்க அண்ணன் வீட்டுல இருக்கேன்." அவள் போனால் வீட்டில் வார்டுதான் மிஞ்சும் என்று துரைராஜுக்குப் பட்டது. ராஜினாமா எழுதிச் சட்டைப்பையில் வைத்தார். ஹாலில் தண்ணீர் ஒரு விரல் இறங்கியது.

ராஜினாமாவைக் கொடுக்க இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள். மாடம்பாக்கம் ரோட்டில் தார் குழைந்து தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. எதிரே வந்த ஷேர் ஆட்டோவின் முன்சக்கரம் அதில் இறங்கி நின்றது. உள்ளே அங்காளம்மாள், பக்கத்தில் வயிற்றைப் பிடித்தபடி நிறைமாத மருமகள் காமு.

"இன்னா சார் இது, ரோடு உள்ள போவுது! இவளுக்கு வலி எடுத்துக்கினு கீது சார்!"

துரைராஜ் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தினார். பின்சீட்டிலிருந்து ஒரு கை நீண்டு அவர் சட்டைப்பையில் இருந்ததை எடுத்தது. ஸ்ரீவித்யா அதை நாலாகக் கிழித்தாள். ரோடு மெல்ல மேலே வந்தது, ஆட்டோ போய்விட்டது.

"வண்டியத் திருப்புங்க" என்றாள்.

வீட்டில் தண்ணீர் பழைய அளவுக்கே ஏறியிருந்தது. துரைராஜ் வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதார், வெட்கமாக இருந்தது, ஆறுதலாகவும் இருந்தது. அதற்குள் போன் வந்துவிட்டது. கோயில் பக்கம் குடிநீர்க் குழாய் உடைந்து தெருவெல்லாம் வெள்ளமாம். போனைக் காதில் வைத்துக்கொண்டே அவர் மனைவியைப் பார்த்தார்.

ஸ்ரீவித்யா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அரிசி மூட்டையைப் பரணில் ஏற்ற ஆரம்பித்தாள்.