சொன்ஜூவின் நெற்றிமுடி

மனம் கொதித்தால் சிலர் தட்டை உடைப்பார்கள், சிலர் கதவை அறைந்து சாத்துவார்கள். சொன்ஜூ கத்தரிக்கோலை எடுத்துத் தன் முன்முடியை வெட்டிவிடுவாள். வெட்டிய நொடியில் பாரம் இறங்கியதுபோல் இருக்கும். கண்ணாடியைப் பார்த்ததும் அழுகை வரும். பிறகு முடி வளரும்வரை தொப்பிதான். அதே வேகத்தில் நல்ல வேலைகளையும் உதறியிருக்கிறாள்.

"கை பரபரத்தா மூச்ச இழுத்து மெதுவா விடுங்க" என்று மனநல ஆலோசகர் சொல்லிக்கொடுத்திருந்தார். அக்கா மிஜங் மூச்சை நம்பவில்லை. கல்யாணப் பேச்சு தொடங்கியதுமே வீட்டிலிருந்த கத்தரிக்கோல்களையெல்லாம் அரிசிக்குள் புதைத்துவிட்டாள்.

ஆனால் இரு வீட்டாரும் சந்திக்க மாப்பிள்ளை தேஹோவின் அம்மா தேர்ந்தெடுத்தது, தேகு நகரில் மேசையிலேயே கறி சுட்டுத் தின்னும் கடை. அங்கே மேசைக்கு மேசை, கறி வெட்ட ஒரு கத்தரிக்கோல்!

அந்த அம்மா நல்லவர்தான். மனதில் பட்டது வாயில் நிற்காது, அவ்வளவே.

"பொண்ணு லட்சணம்தான். முடிதான் கண்ணுல விழுந்து, மழையில நனைஞ்ச நாய்க்குட்டியாட்டம் இருக்கு."

சொன்ஜூ மூச்சை இழுத்தாள்.

"முப்பத்தாறு வயசாச்சில்ல? நெத்திச் சுருக்கத்த மறைக்கிறியோ?"

இழுத்த மூச்சை விடுவதற்குள் 'சரக்'. முன்முடி, கறியைச் சுருட்டித் தின்ன வைத்திருந்த கீரையிலைமேல் விழுந்தது. பன்றிக்கொழுப்பு ஒட்டிய கத்தரிக்கோல் பட்டு நெற்றி மினுங்கியது.

"அடிப்பாவி!" என்று அக்கா அலறினாள்.

"பாத்துக்கோங்க அத்தை, சுருக்கம் இல்ல" என்ற சொன்ஜூ, சொன்ன கையோடு ஓவென்று அழுதாள். கல்யாணம் போச்சு என்றே நினைத்தாள்.

தேஹோவின் அப்பா, கருகும் கறியைத் திருப்பிப் போட்டபடி மனைவியிடம் சொன்னார்: "உனக்கு வாய் நிக்காது, இவளுக்குக் கை நிக்காது. நடுவுல நம்ம பையன் எப்படி நிப்பான்?"

"உக்காந்துக்கறேன்ப்பா" என்றான் தேஹோ.

முதலில் சிரித்தது அந்த அம்மாதான். எழுந்து வந்து ஈரத்துண்டால் சொன்ஜூவின் நெற்றியைத் துடைத்தார். "தப்பு என்மேலதான். ஆனா ஒண்ணு, இந்தக் கோலத்துல கல்யாணப் படம் எடுக்க நான் விடமாட்டேன். வளரட்டும்."

கல்யாணம் வசந்தத்துக்குத் தள்ளிப்போனது. அதற்குள் சொன்ஜூ இன்னொரு முறை வெட்டிக்கொண்டாள். அந்தத் தடவை மாமியார் காரணமில்லை. அவளுக்குப் பிறந்தநாள் என்பதையே தேஹோ மறந்துபோனான். கல்யாணப் படத்தில், வெட்டிய முடியை மறைத்து அவள் நெற்றி முழுக்கப் பூ.